மூக்கணாங்கயிறு யார் கையில்? நாடாளுமன்றம் வேலை செய்யும் விதம்

நாடாளுமன்றத் தேர்தல் வந்துவிட்டால் எங்கள் தெருவுக்கும் வேட்பாளர் வருவார். ஜீப்பில் கைகூப்பி நிற்பார், ஆரத்தி எடுப்பார்கள். கூட்டம் சற்று விலகியதும் யாராவது ஓர் அக்கா முன்னால் வந்து, “சாக்கடை அடைச்சுக் கெடக்கு, மூணு மாசமாச்சு. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க” என்பார். “ஜெயிச்சு வந்ததும் முதல் வேலை அதுதாம்மா” என்பார் வேட்பாளர். சாக்கடை மாநகராட்சியின் பொறுப்பு. டெல்லிக்குப் போகிறவர் அதில் நேரடியாகச் செய்யக்கூடியது அதிகமில்லை. கேட்டவருக்கும் அது தெரியும், சொன்னவருக்கும் தெரியும்.

அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எம்.பி. என்பவர் டெல்லியில் என்ன செய்கிறார் என்று நமக்கு யாரும் பொறுமையாகச் சொல்லித் தந்ததில்லை. பள்ளிப் பாடத்தில் ‘சட்டம் இயற்றும் அவை’ என்று ஒரு வரி, கோடிட்ட இடத்தை நிரப்ப ஒரு மதிப்பெண். போதாக்குறைக்கு 1993 டிசம்பரில் தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒரு திட்டம் வந்தது. இப்போது ஒரு எம்.பி.க்கு அதில் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை முளைக்கிறது, அதன் நெற்றியில் எம்.பி.யின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. நிழற்குடை கட்டுவதுதான் அவர் வேலை என்று நாமும் நம்பிவிட்டோம்.

பாடப்புத்தகம் சொன்ன சட்டம் இயற்றும் வேலையைக்கூட நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். அரசாங்கம் என்ற காளைக்கு மூக்கணாங்கயிறு போட்டுப் பிடித்திருப்பதுதான் முதல் வேலை. சட்டம், பட்ஜெட், கேள்வி நேரம் எல்லாம் அந்தக் கயிற்றில் முறுக்கிய இழைகள். இந்தியாவில் அந்தக் கயிறு எப்படித் திரிக்கப்பட்டிருக்கிறது, எங்கே நைந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

ஒரே ஒரு ஓட்டு

1999 ஏப்ரல் 17. மக்களவையில் வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்தது. 18 எம்.பி.க்களை வைத்திருந்த அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் வந்த வினை. எண்ணி முடித்தபோது ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டில் நாட்டின் அரசு கவிழ்ந்தது. அந்த 270இல் ஒன்று கிரிதர் கமாங் போட்டது. அவர் அதற்குள் ஒடிசாவின் முதல்வராகியிருந்தார், ஆனால் எம்.பி. பதவியை விட்டிருக்கவில்லை. ஒரு மாநில முதல்வர் டெல்லிக்கு வந்து மத்திய அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டது சரியா என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படி நடக்க முடிவதற்குக் காரணம் அரசியல் சட்டத்தின் 75வது பிரிவில் இருக்கும் சின்ன வாக்கியம்: அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. பிரதமரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. தமிழ்நாட்டில் 39 பேரையும் புதுச்சேரியில் ஒருவரையும் அனுப்புகிறோம். மற்ற ஊர்க்காரர்களும் அப்படி அனுப்பி, மொத்தம் 543 பேர் சேருகிறார்கள். அதில் 272 பேர் யார் பக்கமோ அவரைக் குடியரசுத் தலைவர் பிரதமராக நியமிக்கிறார். அந்தப் பெரும்பான்மை என்றைக்குக் கரைகிறதோ அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஐந்தாண்டு என்பது மக்களவையின் அதிகபட்ச ஆயுள். அரசாங்கத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இது சட்டென்று விளங்கும். அங்கே அதிபர் தனியாக வென்று வருகிறார், நான்கு ஆண்டுகள் இருக்கிறார். அவருடைய அமைச்சர்கள் அங்குள்ள காங்கிரஸ் அவைகளில் உறுப்பினராக இருக்கவே கூடாது. அவைக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதற்காக அவர் பதவி போகாது. நம் ஊரில் நேர் எதிர். எம்.பி.யாக இல்லாத ஒருவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் இரண்டு அவைகளில் ஒன்றில் உறுப்பினராக வேண்டும், இல்லாவிட்டால் பதவி போய்விடும். அமெரிக்க அதிபர் தனிக்குடித்தனம் நடத்துகிறார் என்றால், நம் பிரதமர் வீட்டோடு மாப்பிள்ளை. வசதி அதிகம், ஆனால் மாமனார் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று அடிக்கடி செய்தியில் வருகிறதே, அதற்கு 50 உறுப்பினர்கள் ஆதரவு இருந்தால் சபாநாயகர் விவாதத்துக்கு எடுக்க வேண்டும். 1963 ஆகஸ்டில் ஜே.பி. கிருபளானி நேரு அரசுக்கு எதிராகக் கொண்டுவந்ததுதான் முதல் தீர்மானம். ஆதரவு 62, எதிர்ப்பு 347. அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், எதிர்க்கட்சி கொண்டுவந்த தீர்மானத்தின் மீது ஓட்டெடுப்பு நடந்து எந்த மத்திய அரசும் இதுவரை கவிழ்ந்ததில்லை. 1979இல் மொரார்ஜி தேசாய் ஓட்டெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார். 1990இல் வி.பி. சிங், 1997இல் தேவகவுடா, 1999இல் வாஜ்பாய் மூவரும் தாங்களே நம்பிக்கை கோரித் தோற்றவர்கள். அப்படியானால் தோற்கப்போவது தெரிந்தே எதிர்க்கட்சிகள் ஏன் கொண்டுவருகின்றன? பேச வைக்கத்தான். 2023 ஆகஸ்டில் எதிர்க்கட்சிகளிடம் எண்ணிக்கை இல்லை என்பது ஊருக்கே தெரியும். மணிப்பூர் கலவரம் பற்றிப் பிரதமர் அவையில் எழுந்து பேச வேண்டும் என்பதற்காக எடுத்த ஆயுதம் அது.

கஜானா சாவி

வாக்கெடுப்பு எப்போதாவதுதான் வரும். பணம் ஒவ்வோர் ஆண்டும் வேண்டும். நாடாளுமன்றம் சட்டம் போடாமல் ஒரு ரூபாய் வரி வசூலிக்க முடியாது, நாட்டின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவும் முடியாது. பிப்ரவரி 1ஆம் தேதி நிதியமைச்சர் படிக்கும் பட்ஜெட் உரையை நாம் தொலைக்காட்சியில் பார்க்கிறோம், வருமான வரி குறைந்ததா என்று கேட்டுவிட்டு சேனலை மாற்றிவிடுகிறோம். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஒவ்வோர் அமைச்சகமும் ‘எனக்கு இவ்வளவு வேண்டும்’ என்று மானியக் கோரிக்கை வைக்கும். மக்களவை அதன் மீது ஓட்டளிக்க வேண்டும். எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். அந்தத் துறையின் கொள்கையே தவறு என்றால் ‘இந்தத் தொகையை 1 ரூபாயாகக் குறையுங்கள்’ என்று கேட்பார். ஏதோ ஒரு குறையை மட்டும் சுட்டிக்காட்ட வேண்டுமென்றால் ‘100 ரூபாய் குறையுங்கள்’ என்பார். 100 ரூபாயால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தத் தீர்மானம் நிறைவேறிவிட்டால் அரசுக்கு அவையில் பெரும்பான்மை இல்லை என்று அர்த்தம்.

ஏட்டில் இப்படி. நடைமுறையில், குறித்த நாள் நெருங்கியதும் விவாதிக்காமல் கிடக்கும் கோரிக்கைகளை எல்லாம் மொத்தமாகச் சேர்த்து ஓட்டுக்கு விட்டுவிடுவார்கள். இந்த முறைக்கு கில்லட்டின் என்று பெயர், பிரெஞ்சுக்காரர்கள் தலை வெட்டிய இயந்திரத்தின் பெயர்தான். 2018 மார்ச்சில் அமளிக்கு நடுவே, விவாதம் இல்லாமலே எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் நிறைவேறின. வீட்டில் மளிகைக் கணக்கைக்கூட நாம் அதைவிட நேரமெடுத்துப் பார்ப்போம்.

பண விஷயத்தில் மாநிலங்களவைக்கு அதிகாரம் மிகக் குறைவு. பண மசோதா என்று சபாநாயகர் சான்றளித்துவிட்டால் மாநிலங்களவை 14 நாளுக்குள் யோசனை சொல்லித் திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். அந்த யோசனையை மக்களவை ஏற்றாலும் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். அதனால் எது பண மசோதா என்பதே பெரிய அரசியலாகிவிட்டது. 2016இல் ஆதார் சட்டத்தைப் பண மசோதாவாகக் கொண்டுவந்தார்கள். மாநிலங்களவையில் அப்போது ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018இல் அது செல்லும் என்றது. ஐவரில் நீதிபதி சந்திரசூட் மட்டும், இது அரசியல் சட்டத்தை ஏமாற்றும் வேலை என்ற கருத்தில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

மூன்றில் ஒரு ஓட்டு குறைந்த கதை

அப்படியானால் மாநிலங்களவை எதற்கு? அதில் 245 இடம். 233 பேரை மாநிலங்களின் எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். உத்தரப்பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1. ஆறாண்டுப் பதவிக்காலம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். இந்த அவை ஒருபோதும் கலைவதில்லை. ஒரு தேர்தலில் அலை அடித்து மக்களவையை யாராவது மொத்தமாக அள்ளிக்கொண்டாலும், மாநிலங்களவையில் பழைய காற்று இன்னும் சில ஆண்டு வீசிக்கொண்டிருக்கும்.

சாதாரண மசோதாவில் இரண்டு அவைகளும் முட்டிக்கொண்டால் கூட்டுக் கூட்டம் போட்டு எண்ணிக்கை பார்க்கலாம். மக்களவையின் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் என்பதால் அநேகமாக அதுவே ஜெயிக்கும். இதுவரை மூன்றே முறை அப்படிக் கூடி மசோதா நிறைவேற்றியிருக்கிறார்கள்: 1961இல் வரதட்சணைத் தடை, 1978இல் வங்கிப் பணி ஆணையம் தொடர்பான மசோதா, 2002இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்பு மசோதா.

ஆனால் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் அந்தக் குறுக்கு வழி கிடையாது. இரண்டு அவைகளும் தனித்தனியாக, மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்து ஓட்டளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும். 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அரசு, முன்னாள் மன்னர்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்தத் திருத்தம் கொண்டுவந்தது. மக்களவையில் தாண்டிவிட்டது. மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224 பேரில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 149.33. ஒரு மனிதரின் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததால் திருத்தம் தோற்றது! உடனே குடியரசுத் தலைவர் உத்தரவு ஒன்றின் மூலம் மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்து பார்த்தார்கள். அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. கடைசியில் தேர்தலைச் சந்தித்து, பெரும்பான்மையோடு திரும்பி வந்து, 1971இல் 26வது திருத்தமாக நிறைவேற்றினார்கள். அதிகாரம் பல கைகளில் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்களே, அதை இந்த ஒன்றரை ஆண்டுக் கதையில் கண்ணால் பார்க்கலாம். ஓர் அவை தடுத்தது, நீதிமன்றம் தடுத்தது, கடைசியில் மக்களிடம் போய்விட்டு வர வேண்டியிருந்தது.

மசோதா நடக்கும் பாதை

மசோதாவைப் பெரும்பாலும் ஓர் அமைச்சர்தான் கொண்டுவருவார். அறிமுகம், பிறகு பிரிவு பிரிவாக விவாதம், கடைசியில் ஓட்டு, இப்படி ஓர் அவையில் முடிந்ததும் அடுத்த அவையில் அதே கதை. இரண்டும் தாண்டினால் குடியரசுத் தலைவரின் கையெழுத்து. பாடப்புத்தகம் இதை அம்புக்குறி போட்டு விளக்கும். நான் இரண்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது குரல் வாக்கெடுப்பு. ‘ஆம் என்போர்’, ‘இல்லை என்போர்’ என்று சபாநாயகர் கேட்பார். எந்தச் சத்தம் அதிகம் என்று அவர் காதுக்குப் படுகிறதோ அதுவே முடிவு. யாராவது ஆட்சேபித்தால் எண்ணி ஓட்டெடுக்க வேண்டும், அப்போதுதான் எந்த எம்.பி. எந்தப் பக்கம் நின்றார் என்ற பதிவு இருக்கும். 2020 செப்டம்பர் 20ஆம் தேதி மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களுக்கு எதிர்க்கட்சிகள் எண்ணிக்கை கேட்டன. அமளி நடக்கிறது, உறுப்பினர்கள் தங்கள் இடத்தில் இல்லை என்று காரணம் சொல்லிக் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார்கள். மறுநாள் எட்டு எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்த பிறகு, 2021 நவம்பர் 29ஆம் தேதி அதே சட்டங்களை இரண்டு அவைகளும் ஒரே நாளில் விவாதமின்றி ரத்து செய்தன. போட்டபோதும் எண்ணவில்லை, எடுத்தபோதும் பேசவில்லை.

இரண்டாவது, நிலைக்குழுக்கள். நாடாளுமன்றத்தின் நல்ல முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். துறைவாரியாக 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள். கேமரா இல்லை, அதனால் கூச்சலும் இல்லை. துறைச் செயலாளரை வரவழைத்துக் கேட்பார்கள், வல்லுநர்களைக் கேட்பார்கள், மசோதாவை வரிவரியாகப் படிப்பார்கள். அவையில் எதிரும் புதிருமாக நின்றவர்கள் இங்கே ஒரே அறிக்கையில் உடன்படுவது அபூர்வமல்ல. ஒரே குறை, மசோதாவைக் குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று விதி இல்லை. 15வது மக்களவைக் காலத்தில் சுமார் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17வது மக்களவையில் அது சுமார் 16 சதவீதம்.

ஒரு கேள்வி, ஓர் அமைச்சர்

மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். மாநிலங்களவையில் பகல் 12 மணிக்கு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். எழுந்து சொல்லும் பதிலைத் துறை அதிகாரிகள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதைத் தொடர்ந்து வரும் துணைக் கேள்விகளில்தான் அமைச்சருக்கு வேர்க்கும்.

1957இல் நடந்தது இதற்கு இன்றுவரை சரியான உதாரணம். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் நிறுவனப் பங்குகளில் அது சுமார் 1.24 கோடி ரூபாய் போட்டது. தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனங்கள் அவை. பொதுமக்களின் பிரீமியப் பணம் ஏன் அங்கே போனது என்று மக்களவையில் கிளறியவர் பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சி எம்.பி., அதோடு பிரதமர் நேருவின் மருமகன். பதில் சொல்ல வேண்டியவர் நிதியமைச்சர், நம் மதராஸ்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பதில்கள் ஒட்டவில்லை. நீதிபதி சாக்ளா தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது, பம்பாயில் விசாரணை வெளிப்படையாக நடந்தது, சில வாரங்களில் அறிக்கை வந்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். நேருவுக்கு வேண்டியவர், செல்வாக்குள்ளவர், சொந்தக் கட்சிக்காரர் கேட்ட கேள்வியில் விழுந்தார். இன்றைக்கு ஆளுங்கட்சி வரிசையிலிருந்து அப்படியொரு கேள்வி வருமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஏன் வராது என்பதற்குக் காரணம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சாக்கடை கேட்ட அக்காவுக்கும் கேள்வி நேரத்தில் ஒரு வழி உண்டு. நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கு அம்ருத் என்ற மத்திய திட்டம் 2015இலிருந்து பணம் தருகிறது. ‘எங்கள் ஊருக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவானது, எந்த வேலை பாதியில் நிற்கிறது’ என்று எம்.பி. ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தால் எழுத்தில் பதில் வரும், நாடாளுமன்ற இணையதளத்தில் யாரும் படிக்கலாம். உங்கள் எம்.பி. இதுவரை என்னென்ன கேட்டார் என்பதும் அங்கேயே இருக்கிறது. எங்கள் எம்.பி.யின் பட்டியலை ஒருமுறை தேடிப் படித்தேன். நிழற்குடைகளைவிடச் சுவாரசியமாக இருந்தது.

செலவான பிறகு கணக்குப் பார்ப்பது பொதுக் கணக்குக் குழு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை அது பிரித்து மேயும். 22 பேர் கொண்ட அந்தக் குழுவுக்கு 1967இலிருந்து எதிர்க்கட்சிக்காரர் ஒருவரே தலைவர். சட்டத்தில் அப்படி எழுதியில்லை, மரபாக வந்துவிட்டது.

அவைக்கு வெளியே இருப்பவர்கள்

நாடாளுமன்றம் என்றால் இரண்டு அவைகள் மட்டுமல்ல, குடியரசுத் தலைவரும் சேர்ந்ததுதான் என்கிறது அரசியல் சட்டம். அவர் கையெழுத்திடாமல் மசோதா சட்டமாகாது. 2006 மே மாதம் அப்துல் கலாம், ஆதாயம் தரும் பதவி தொடர்பான மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். இரண்டு அவைகளும் அதை அப்படியே மறுபடி நிறைவேற்றின. இரண்டாம் முறை மறுக்க வழியில்லை, ஆகஸ்டில் கையெழுத்திட்டார். ஜெயில் சிங் வேறு வழி பிடித்தார். தபால்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா 1986இல் அவரிடம் வந்தது. கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் இல்லை, அவர் மேசையிலேயே அது கிடந்தது.

அவை கூடாத நாட்களில் அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். குடியரசுத் தலைவரின் கையெழுத்தோடு அது உடனே அமலுக்கு வரும். ஆனால் அவை மறுபடி கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் நிறைவேற்றாவிட்டால் செத்துவிடும். அவை கூடாமலே இழுத்தடிக்கவும் முடியாது. இரண்டு கூட்டத்தொடருக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது.

நீதிமன்றத்தோடு உள்ள உறவு இன்னும் சிக்கலானது. கேரளத்தின் காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில், 13 நீதிபதிகள் 1973 ஏப்ரல் 24ஆம் தேதி 7க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பளித்தார்கள். நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் அழிக்க முடியாது. இங்கேயும் ஒரே ஓட்டு வித்தியாசம்தான். அந்த வரியை வைத்துத்தான், நீதிபதி நியமன ஆணையம் அமைக்கும் 99வது திருத்தத்தை 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இரண்டு அவைகளிலும் எதிர்த்து ஓர் ஓட்டுகூட விழாத திருத்தம் அது.

பதிலுக்கு, நீதிபதியைப் பதவிநீக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. 1993 மே மாதம் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானம் மக்களவைக்கு வந்தது. விசாரணைக் குழு பல குற்றச்சாட்டுகள் நிரூபணமானதாகச் சொல்லியிருந்தது. வழக்கறிஞர் கபில் சிபல் அவைக்கே வந்து அவருக்காக வாதாடினார். ஓட்டு விழுந்தபோது ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுமில்லை. காங்கிரஸ் தரப்பில் 205 பேர் ஓட்டே போடவில்லை. மொத்த உறுப்பினரில் பாதியைத் தாண்டாததால் தீர்மானம் விழுந்தது. எதிர்த்து ஒருவர்கூட ஓட்டுப் போடாமலே தோற்ற தீர்மானம்.

அப்புறம் மாநிலங்கள். எது மத்திய அரசு, எது மாநில அரசு, எது இருவரும் சட்டம் போடக்கூடியது என்று மூன்று பட்டியல்கள் உண்டு. பொதுப் பட்டியலில் இரண்டு சட்டங்கள் மோதினால் பொதுவாக நாடாளுமன்றத்தின் சட்டமே செல்லும். கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42வது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. நீட் சண்டையின் வேர் அங்கே இருக்கிறது.

நம் மாநிலத்தின் பெயரே இந்தப் பங்கீட்டுக்கு ஒரு பாடம். தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார். வங்கத்துக் கம்யூனிஸ்ட் எம்.பி. பூபேஷ் குப்தா மாநிலங்களவையில் அதற்காகத் தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) கொண்டுவந்தார், 1963இல் அண்ணா அதை ஆதரித்துப் பேசினார். அப்போது தோற்றது. 1967 ஜூலை 18ஆம் தேதி அண்ணாவே முதல்வராக இருந்து சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றினார். ஆனாலும் பெயர் மாறிவிடவில்லை. மாநிலத்தின் பெயரையோ எல்லையையோ மாற்றும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் 3வது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு மட்டுமே. 1968இல் அது சட்டம் போட்ட பிறகு, 1969 ஜனவரி 14ஆம் தேதியிலிருந்துதான் நாம் சட்டப்படி தமிழ்நாடு. அங்கே மாநிலமும் டெல்லியும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெலங்கானா இருக்கிறது. பிரிவினை மசோதாவை ஆந்திர சட்டமன்றம் 2014 ஜனவரியில் நிராகரித்தது. மாநிலத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், கேட்டபடி நடக்க வேண்டியதில்லை என்பதால் பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றிவிட்டது.

கொறடா

இப்போது பெரோஸ் காந்தி விஷயத்துக்கு வருகிறேன்.

1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். ‘ஆயா ராம், கயா ராம்’ (வந்தார் ராம், போனார் ராம்) என்று வட இந்தியாவில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. பணத்துக்கும் பதவிக்கும் ஆட்கள் தாவி அரசுகள் கவிழ்ந்துகொண்டே இருந்ததால் 1985இல் 52வது திருத்தம் கட்சித் தாவலைத் தடை செய்தது. நியாயமான நோக்கம்தான். ஆனால் சட்டம் கட்சி மாறுவதோடு நிற்கவில்லை. கட்சியின் கொறடா, அதாவது எப்படி ஓட்டளிக்க வேண்டும் என்று உறுப்பினர்களுக்குச் சொல்பவர், போடும் உத்தரவை மீறி ஓட்டளித்தாலும், ஓட்டளிக்காமல் விலகி நின்றாலும் பதவி போகும் என்றது. அதைத் தீர்மானிப்பவர் சபாநாயகர், அவர் அநேகமாக ஆளுங்கட்சிக்காரர். 2017இல் தமிழகச் சட்டமன்றத்தில் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதி இழந்தது இதே சட்டத்தின் அடிப்படையில்தான்.

அரசாங்கத்தின் மூக்கணாங்கயிறு எம்.பி.க்களின் கையில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கொறடா வந்த பிறகு எம்.பி.யின் கயிறு கட்சித் தலைமையின் கையில். ஆளுங்கட்சித் தலைமையும் அரசும் ஒன்றே என்னும்போது, காளையே கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிறது. நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் பட்ஜெட்டுக்கும் மட்டும் கொறடா உத்தரவு கட்டாயம், மற்ற மசோதாக்களில் எம்.பி. தன் மனசாட்சிப்படி ஓட்டளிக்கட்டும் என்று வெகுகாலமாக யோசனை இருக்கிறது. என் ஓட்டும் அதற்குத்தான். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதைத் தொட மாட்டேன் என்கிறது.

கொறடாவின் பிடி இல்லாத சில இடுக்குகள் எம்.பி.க்கு இன்னமும் இருக்கின்றன. நிலைக்குழு அறை ஒன்று, கேள்வி நேரம் ஒன்று. மூன்றாவது, வெள்ளிக்கிழமை பிற்பகல். அமைச்சரல்லாத உறுப்பினர்கள் தனிநபர் மசோதா கொண்டுவர ஒதுக்கிய நேரம் அது. பலர் அதற்குள் ஊருக்கு விமானம் ஏறியிருப்பார்கள். சுதந்திர இந்தியாவில் 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன, 1970க்குப் பிறகு ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமை, 2015 ஏப்ரல் 24ஆம் தேதி, தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் ஓட்டுக்கு வந்தது. திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி அமைச்சர் கேட்டுப் பார்த்தார். சிவா ஓட்டெடுப்பு வேண்டும் என்று நின்றார். கட்சி வேறுபாடின்றி ஒருமனதாக நிறைவேறியது. மக்களவையை அது தாண்டவில்லை. 2019இல் அரசு தன் பங்குக்கு வேறொரு மசோதாவைக் கொண்டுவந்து சட்டமாக்கியது. அதை எதிர்த்துத் திருநர்களே தெருவில் இறங்கினார்கள்.